நுழைகழி நாட்டில் கரையேறும் நாள்: கப்பல் பயணத்தில் குறைந்த செலவில் தாமாகச் சுற்றிப்பார்க்க முழுமையான வழிகாட்டி

முப்பது ஆண்டுகள் புவியியல் படிப்பித்தேன். பனிக்கட்டியாறு குடைந்த பள்ளத்தாக்கினுள் கடல் புகுந்தால் அது நுழைகழி என்று கரும்பலகையில் எழுதிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவேன். வாவியைப் பார்த்து வளர்ந்த மட்டக்களப்புப் பிள்ளைகளுக்கு அதற்குமேல் சொல்ல எனக்கே ஒன்றும் தெரியாது. ஓய்வு பெற்ற பிறகு லண்டனில் இருக்கும் மகள் கப்பல் டிக்கெட் எடுத்தாள். சவுத்தாம்ப்டனில் ஏறி, நோர்வேயில் நான்கு துறைமுகங்களைப் பார்த்துவிட்டு ஏழாம் இரவு கழிந்து திரும்பும் பயணம். நான், என் கணவர், மகள், மருமகன், இரண்டு பேரப்பிள்ளைகள்.

டிக்கெட் எடுத்த கையோடு கப்பல் நிறுவனத்திடமிருந்து கரைச் சுற்றுலா விலைப்பட்டியல் வந்தது. ஆறு பேர், நான்கு துறைமுகம் என்று மருமகன் கூட்டிப் பார்த்தார். பிறகு ஒன்றும் பேசாமல் கணினியை மூடிவைத்தார்.

பாசிக்குடா விடுதியில் தங்கும் வெள்ளைக்காரர் கல்லடிப் பாலம் பார்க்க விடுதியின் வானுக்குக் கொடுக்கும் காசும், வாழைச்சேனையில் பஸ் ஏறி வருபவர் கொடுக்கும் காசும் நமக்குத் தெரியும். பாலம் இருவருக்கும் ஒன்றுதான். நோர்வேயில் அந்த வெள்ளைக்காரர் நாம். இதை மனதில் வைத்துத்தான் திட்டம் போட்டோம். நான்கு துறைமுகங்களில் ஒன்றில் மட்டும் பெரிதாகக் காசு கொடுத்தோம், மற்ற மூன்றிலும் பெரும்பாலும் நடந்தோம். ஊருக்கு வந்த பிறகு இதே பயணத்துக்கு ஆயத்தமாகும் மூன்று குடும்பங்கள் விபரம் கேட்டுவிட்டன. வாயால் திரும்பத் திரும்பச் சொல்வதைவிட எழுதிவைப்பது நல்லது.

முதலில் தாள்கள்

இலங்கைக் கடவுச்சீட்டில் போகிறவர்களுக்கு இரண்டு விசா வேண்டும். கப்பல் ஏறுவது இங்கிலாந்தில் என்பதால் பிரித்தானிய விசா. இறங்கிப் பார்ப்பது நோர்வேயில் என்பதால் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா. நோர்வே ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, ஆனால் ஷெங்கனில் இருக்கிறது. கப்பல் திரும்பி வரும்போது நீங்கள் மறுபடியும் பிரித்தானியாவுக்குள் நுழைகிறீர்கள். ஆகவே அந்த விசா பல தடவை நுழைய அனுமதிப்பதா என்று பாருங்கள். கப்பல் நடுவில் ஸ்கொட்லாந்தின் ஓர்க்னி, ஷெட்லாந்து போன்ற தீவுகளில் நின்று மீண்டும் நோர்வேக்குப் போனால் ஷெங்கனுக்குள்ளும் இரண்டு தடவை நுழைகிறீர்கள். ஒற்றை நுழைவு விசா போதாது. துறைமுகப் பட்டியலை விண்ணப்பத்துக்கு முன்பே கையில் வைத்திருங்கள்.

ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், பதினைந்து நாளுக்குப் பிந்தி விடக்கூடாது. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்புறுதி கட்டாயம். அதே காப்புறுதியில் கப்பலைத் தவறவிட்டால் செலவு கிடைக்குமா என்று ஒரு வரி இருக்கும். அந்த வரியைத் தேடிப் படியுங்கள்.

கப்பலின் மணிக்கூடு

செலவைப் பற்றி யோசிப்பதற்கு முன் நேரத்தைப் பற்றி யோசிக்க வேண்டும். கப்பல் நிறுவனம் விற்கும் சுற்றுலாவில் உண்மையான நன்மை ஒன்று உண்டு: அவர்களுடைய பஸ் பிந்தினால் கப்பல் காத்திருக்கும். நீங்களாகப் போய்ப் பிந்தினால் காத்திராது. கூடுதலாக வாங்கும் காசில் ஒரு பங்கு இந்த உறுதிக்கானது. அதை நீங்கள் வாங்கவில்லை என்றால், அந்த உறுதியை நீங்களே உங்களுக்குச் செய்துகொள்ள வேண்டும்.

செய்யும் முறை இது. கப்பல் காலை 8 மணிக்குக் கட்டி மாலை 5 மணிக்குப் புறப்படுகிறது என்று வையுங்கள். ஒன்பது மணித்தியாலம் கிடைத்ததாக நினைக்காதீர்கள். எல்லோரும் கப்பலில் இருக்க வேண்டிய கடைசி நேரம் பெரும்பாலும் புறப்பாட்டுக்கு அரை மணி முன்பு, சில துறைமுகங்களில் அதற்கும் முன்பு. எனவே 4.30. அதிலிருந்து உங்கள் பாதுகாப்புக்கு இன்னொரு மணித்தியாலம் கழியுங்கள், 3.30. காலையில் கப்பலுக்கு அனுமதி கிடைத்து, வரிசையில் நின்று, பேரன் மறந்த தொப்பியை எடுக்க மருமகன் திரும்பிப் போய் வந்து, கரையில் கால் வைக்க 8.45. உங்கள் நாள் 8.45 முதல் 3.30 வரை, ஆறே முக்கால் மணித்தியாலம். எந்தச் சுற்றுலாவும் அதற்குள் அடங்க வேண்டும்.

அந்த நேரத்தையும் பின்னாலிருந்து நிரப்புங்கள். மிகத் தூரமான இடத்துக்கு முதலில் போய்விடுங்கள், கப்பலுக்குப் பக்கத்தில் இருப்பதைக் கடைசிக்கு வையுங்கள். பஸ் பிந்தினாலும் மழை வந்தாலும் இழப்பது கடைத்தெருவைத்தான்.

நோர்வே நேரம் பிரித்தானிய நேரத்தைவிட ஒரு மணித்தியாலம் முன்னால் நிற்கிறது. கப்பல் தன் மணிக்கூட்டை மாற்றும் இரவில் அறிவித்தல் தருவார்கள். அன்று தூங்கிப்போனவர் மறுநாள் லண்டன் நேரம் காட்டும் கைக்கடிகாரத்தோடு இறங்கினால் ஒரு மணித்தியாலம் பிந்துவார். அலைபேசி தானாக நேரத்தை மாற்றிக்கொள்ளும், ஆனால் அது காட்டுவது கரையின் நேரம். கப்பல் நேரமும் அதுவேதானா என்று நாளாந்த நிகழ்ச்சித் தாளில் பாருங்கள். என் கணவர் தமது பழைய சாவி கொடுக்கும் கடிகாரத்தைக் கப்பல் நேரத்துக்கு வைத்துக்கொண்டு நான்கு நாளும் எங்களை ஆட்டிவைத்தார். எரிச்சலாகத்தான் இருந்தது. கெய்ராங்கரில் என்ன நடந்தது என்று பிறகு சொல்கிறேன்.

கப்பல் எங்கே கட்டுகிறது?

ஊர்ப் பெயரை மட்டும் பார்த்துத் திட்டம் போடக்கூடாது. ஒரே ஊரில் இரண்டு இறங்குதுறை இருக்கும், ஒன்று நகரின் நடுவில், மற்றது சரக்குப் பக்கம். துறைமுகங்களின் இணையத்தளங்களில் எந்த நாளில் எந்தக் கப்பல் எங்கே கட்டும் என்ற அட்டவணை மாதக் கணக்கில் முன்பே கிடைக்கும். அதே அட்டவணையில் அன்று வேறு எத்தனை கப்பல்கள் வருகின்றன என்பதையும் பாருங்கள். சில நூறு பேர் வாழும் கிராமத்தில் இரண்டு பெரிய கப்பல்கள் நின்றால், மாமாங்கத் தீர்த்தத்தன்று அமிர்தகழியில் சனத்துக்குள் நிற்பது போலத்தான்.

சில இடங்களில் கப்பல் கரையோடு கட்டாமல் நடுவில் நங்கூரமிட்டு, சிறு படகுகளில் ஆட்களை இறக்கும். நிறுவனத்தின் சுற்றுலா எடுத்தவர்களுக்கு முதலிடம். தாமாகப் போகிறவர்கள் இலக்கச் சீட்டு எடுத்துக் காத்திருக்க வேண்டும். விடிந்ததும் சீட்டு எடுத்துவிடுங்கள். அந்த நாளில் நேரம் குறித்த எந்த டிக்கெட்டையும் முதல் இரண்டு மணித்தியாலத்துக்குள் வாங்கிவைக்காதீர்கள்.

பேர்கன்

இந்தத் துறைமுகத்துக்குச் சுற்றுலா வாங்குவது வீண். நகரமே காலடியில் கிடக்கிறது. கோட்டைப் பக்கம் கப்பல் கட்டினால் பிரிகன் என்ற பழைய மரக்கட்டட வரிசைக்குக் கால் மணி நடை. யெக்தெவிக் என்ற சரக்குப் பக்கம் கட்டினால் துறைமுக வளாகத்துக்குள் நடக்க விடமாட்டார்கள், நகருக்குப் பஸ் விடுவார்கள்.

பிரிகனை 1979 இல் உலக மரபுரிமைச் சின்னமாக்கினார்கள். ஜேர்மன் வணிகர்கள் நூற்றாண்டுக் கணக்கில் இருந்து கருவாடு ஏற்றுமதி செய்த இடம். வடக்கே லொபோத்தன் தீவுகளில் கொட் மீனை உப்பிடாமல் குளிர்காற்றிலேயே காயவைத்து இங்கே கொண்டுவந்தார்கள். உப்பில்லாத கருவாடு என்றதும் என் கணவர் நம்ப மறுத்துவிட்டார். முன்பக்கத்தைப் படம் பிடித்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். கட்டடங்களுக்கு நடுவே சாய்ந்த மரச்சுவர்களோடு ஒடுங்கிய ஒழுங்கைகள் உள்ளே போகின்றன. பார்க்க வேண்டியது அங்கேதான் இருக்கிறது, அதற்குக் காசும் இல்லை.

ஃபுளோயன் மலையின் காட்சித் தளம் 320 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. 1918 முதல் ஓடும் கயிற்று ரயில் சில நிமிடங்களில் மேலே கொண்டுபோய்விடும். நிலையம் மீன்சந்தைக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஏறுவதற்கு மட்டும் டிக்கெட் எடுத்து இறங்குவதை நடையாக வைத்துக்கொண்டால் செலவு குறையும், காட்டுப் பாதை முக்கால் மணித்தியாலம். ஆனால் முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ஏற்றத்தைவிட இறக்கம்தான் பகை. மகளும் பிள்ளைகளும் நடந்து இறங்கினார்கள். நாங்கள் இருவரும் இறக்கத்துக்கும் டிக்கெட் எடுத்தோம். மருந்துக் கடையில் கொடுப்பதை அங்கே கொடுத்தோம். காலை 9 மணிக்கு முன்போ பிற்பகலிலோ போங்கள், நடுவில் வரிசை வீதிவரை நிற்கும்.

மீன்சந்தையில் பார்க்கலாம், சாப்பிட வேண்டாம். ஒரு தட்டு இறாலின் விலைக்கு நாவலடியில் ஒரு வீட்டுக்கே விருந்து வைக்கலாம்.

பேர்கனில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை. நமக்கு மாரியில் மொத்தமாகக் கொட்டி ஓய்ந்துவிடும். அங்கே கோடையிலும் நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாகப் பெய்துகொண்டிருக்கும். மழைக்காக எந்தத் திட்டத்தையும் நிறுத்தாதீர்கள், அந்த ஊரவர்கள் நிறுத்துவதில்லை.

ஸ்ரவாங்கர், ஓலெசுண்ட்

ஸ்ரவாங்கரில் கப்பல் பழைய நகரின் வாசலிலேயே நிற்கும். வெள்ளை பூசிய பழைய மரவீடுகள் நூற்றுக்கு மேல், கல் பதித்த ஒழுங்கைகள், வாசல்களில் ரோசா. அங்கே ஒரு மீன்ரின் அருங்காட்சியகம் இருக்கிறது. எண்ணெய் கிடைக்கும் வரை இந்த ஊர் சாளை மீனை ரின்னில் அடைத்துத்தான் பிழைத்தது. பிரெய்க்கஸ்தோலன் என்ற 604 மீற்றர் உயரப் பாறைக்குப் பஸ் உண்டு. போய்வர 8 கிலோமீற்றர் மலைநடை, சுமார் நான்கு மணித்தியாலம். பஸ் பயணத்தையும் சேர்த்தால் ஆறு. மேலே சொன்ன ஆறே முக்கால் மணிக் கணக்கை எடுத்துப் பாருங்கள். இளந்தாரிகள் மட்டும், அதுவும் காலை முதல் பஸ்ஸில். மருமகனுக்கு ஆசை இருந்தது, மகள் ஒரு பார்வை பார்த்தாள், முடிந்தது.

ஓலெசுண்ட் எங்கள் பாதையில் இல்லை. உங்கள் பாதையில் இருந்தால் அதிர்ஷ்டம். 1904 இல் நகரம் எரிந்துபோக, அந்தக் காலத்து அலங்காரப் பாணியில் முழுவதையும் கல்லில் திரும்பக் கட்டினார்கள். கப்பலிலிருந்து நடந்து போய், 418 படி ஏறினால் அக்ஸ்லா குன்று. கீழே தீவுகளில் பரந்த நகரம். செலவு எதுவுமில்லை.

ஃபுளோம்: காசு கொடுத்த இடம்

ஒரு சிறு கிராமம், ஒரு ரயில் நிலையம். இங்கிருந்து மிர்டால் வரை 20 கிலோமீற்றர் தூரத்தில் ரயில் 860 மீற்றருக்கு மேல் ஏறுகிறது. 20 சுரங்கங்கள், பெரும்பாலானவை கையால் குடையப்பட்டவை. 1924 இல் தொடங்கி 1940 இல் ரயில் ஓடியது. பல்சக்கரமோ கயிறோ இல்லாமல் சாதாரணத் தண்டவாளத்தில் இவ்வளவு செங்குத்தாக ஏறும் ரயில்கள் உலகில் மிகக் குறைவு. நடுவில் கியோஸ்ஃபொசன் அருவியில் நிறுத்துவார்கள். நுழைகழிப் பள்ளத்தாக்கு எப்படிக் குடையப்பட்டது என்பதை முப்பது ஆண்டு சொல்லிக்கொடுத்தவள், ஜன்னலோரம் ஒரு மணித்தியாலம் வாய் திறக்கவில்லை என்று பேத்தி இன்றும் சொல்லிச் சிரிக்கிறாள்.

டிக்கெட் மலிவு அல்ல. ஆனாலும் ரயிலின் சொந்த இணையத்தளத்தில் நேரடியாக வாங்கினால் கப்பலில் வாங்குவதைவிடக் குறைவு. கப்பல் வரும் நாளில் காலை ரயில்கள் நிரம்பிவிடும். பயணத் திகதி உறுதியானதும் வாங்குங்கள். போய்வர இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் ஆகும். கப்பல் கட்டி ஒன்றரை மணித்தியாலத்துக்குப் பிறகு புறப்படும் ரயிலைத் தெரிவுசெய்தால் முன்னும் பின்னும் நேரம் மிஞ்சும்.

ரயில் வேண்டாம் என்றால் பிரெக்கெஃபொசன் அருவிக்கு நடக்கலாம். ஆற்றோரம் தட்டையான வழி, கடைசியில் மட்டும் செங்குத்தான கற்படி. நிலையத்தின் பக்கத்தில் இருக்கும் ரயில் அருங்காட்சியகம் இலவசம், மழைக்கு ஒதுங்கவும் உதவும். ஸ்ரெகஸ்தைன் என்ற காட்சித் தளம் நுழைகழிக்கு 650 மீற்றர் மேலே நிற்கிறது. அங்கே போய்வரும் பஸ்ஸுக்கும் தனிக் கட்டணம். ரயில், காட்சித் தளம் இரண்டில் ஒன்றை எடுங்கள். இரண்டையும் ஒரே நாளில் திணித்தால் பார்த்தது எதுவும் மனதில் நிற்காது.

கெய்ராங்கர்

இங்கே பலர் செய்யும் வீண்செலவு ஒன்றைச் சொல்ல வேண்டும். இறங்கியதும் நுழைகழியைச் சுற்றிக் காட்டும் படகுக்கு டிக்கெட் வாங்குகிறார்கள். ஏழு சகோதரிகள் என்ற அருவிகளின் முன்னால்தான் உங்கள் கப்பலே காலையில் வந்திருக்கும். நீங்கள் அப்போது தூங்கிக்கொண்டிருந்தீர்கள். கப்பல் உள்ளே நுழையும் நேரத்தை முதல் நாள் மாலை கேட்டு, எழும்பி, போர்வையைச் சுற்றிக்கொண்டு மேல்தளத்தில் நில்லுங்கள். இந்தப் பயணத்தின் மிகச் சிறந்த இரண்டு மணித்தியாலம் அது, ஏற்கெனவே காசு கொடுத்தாயிற்று.

ஊருக்குள் ஓடிவரும் அருவியின் ஓரமாக 327 படிகள் மேலே போகின்றன. வழியில் 1842 இல் கட்டிய எட்டுமூலைத் தேவாலயம். எவரும் டிக்கெட் கேட்கமாட்டார்கள். பொதுவாகவே நோர்வேயில் காட்டிலும் மலையிலும் நடக்க எவருக்கும் உரிமை உண்டு. 1957 இல் அதைச் சட்டமாகவும் எழுதிவிட்டார்கள்.

நாங்கள் படியேறி, பாதி வழியில் உட்கார்ந்து பாண் தின்று, நேரம் இருக்கிறது என்று நினைத்தபடி இறங்கினோம். கணவரின் கடிகாரம் 'போவோம்' என்றது, நான் ஐஸ்கிறீம் கடையில் பத்து நிமிடம் கேட்டேன். படகுத்துறைக்கு வந்தால் வரிசை வாகனத் தரிப்பிடம் வரை நீண்டு கிடந்தது. கடைசிப் படகுக்கு இன்னும் நேரம் இருந்தது உண்மைதான். ஆனால் எல்லோரும் அந்தக் கடைசி நேரத்தையே நம்பி வந்திருந்தார்கள். குளிரில் ஐம்பது நிமிடம் நின்றோம். கணவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அது திட்டுவதைவிட மோசம். படகில் இறக்கும் துறைமுகங்களில் கடைசிப் படகை அல்ல, அதற்கு ஒன்றரை மணித்தியாலம் முந்திய படகைக் குறிவையுங்கள்.

கெய்ராங்கரில் ஓர் இறக்கி ஏற்றும் முறை உண்டு: கப்பல் முதலில் ஹெல்லசில்ட்டில் சிலரை இறக்கிவிட்டுக் கெய்ராங்கருக்கு வரும், இறங்கியவர்கள் தரைவழியாக வந்து சேர்வார்கள். ஒரு துறையில் இறங்கி இன்னொன்றில் ஏறும் இப்படியான சுற்றுலாவை மட்டும் கப்பலிடமே வாங்குங்கள்.

இன்னும் வடக்கே

துரொம்சோவில் மலைக்குக் கயிற்றுக் கார் உண்டு. காசு மிச்சம் பிடிக்க விரும்புபவர்களுக்கு நேபாளத்துச் செர்ப்பாக்கள் அமைத்த 1,200 படிகள் உண்டு. சரக்குத் துறையில் கப்பல் கட்டினால் நகருக்குப் பொதுப் பஸ். ஹொன்னிங்ஸ்வோகிலிருந்து 307 மீற்றர் உயரச் செங்குத்துப் பாறையான நோர்த் கேப் என்ற வடமுனைக்குப் பொதுப் போக்குவரத்து மிகச் சொற்பம். அங்கே கப்பல் சுற்றுலாவுக்குக் காசு கொடுப்பதில் வெட்கம் இல்லை.

சாப்பாடு, உடுப்பு, பஸ்

ஒரு குரோனர் சுமார் 30 ரூபாய். சிறு கடையில் ஒரு போத்தல் தண்ணீர் ஏறத்தாழ 40 குரோனர். குழாய்த் தண்ணீர் அருமையாக இருக்கும்போது அதை வாங்குவது பாவம், போத்தலைக் கப்பலிலேயே நிரப்புங்கள். கப்பல் உணவைக் கரைக்குக் கொண்டுபோக விடமாட்டார்கள். காலையில் வயிறாரச் சாப்பிட்டு, மதியத்துக்குக் கிவி, ரேமா 1000 போன்ற சுப்பர் மார்க்கெட்டில் பாணும் வாழைப்பழமும் வாங்கிக்கொள்ளுங்கள். ஊரிலிருந்து மாசி போடாத சீனிச் சம்பல் ஒரு போத்தல் கொண்டுபோனேன். நோர்வேப் பாணுக்கு அது செய்த உபகாரத்தைச் சொல்லி முடியாது. ஞாயிற்றுக்கிழமையும் மே 17 தேசிய நாளும் பெரிய கடைகள் பூட்டு. துறைமுக நாள் ஞாயிறாக இருந்தால் சனியே வாங்கிவிடுங்கள்.

நோட்டு மாற்றத் தேவையில்லை, கழிப்பறைக்குக்கூட அட்டைதான். இலங்கை வங்கி அட்டை என்றால் வெளிநாட்டில் வேலை செய்யும்படி புறப்படுமுன் வங்கியில் சொல்லிவையுங்கள். பஸ் நேரங்களுக்கு 'என்டூர்' என்ற செயலி நாடு முழுவதற்கும் போதும். டிக்கெட்டை அந்தந்த மாகாணச் செயலியில் எடுக்கலாம். பேர்கனுக்கும் ஃபுளோமுக்கும் ஸ்கிஸ், ஸ்ரவாங்கருக்குக் கொலும்புஸ். 'ஹொன்னோர்' என்று ஒரு வகை காட்டும், அது 67 வயது நிறைந்தவர்களுக்கான சலுகைக் கட்டணம். வானிலைக்கு 'யர்'. கடலில் போகும்போது அலைபேசியை விமான நிலைக்கு மாற்றிவிடுங்கள், கப்பலின் அலைவரிசையில் தொற்றிக்கொண்டால் வரும் கட்டணம் சுற்றுலாச் செலவை விழுங்கிவிடும்.

யூலையிலும் பன்னிரண்டு, பதினைந்து பாகைதான். தடித்த ஒரு கோட்டைவிட மெல்லிய மூன்று அடுக்கும் மேலே ஒரு மழைச்சட்டையும் நல்லது. குடை காற்றில் திரும்பிவிடும். கொழும்பில் புதிதாக வாங்காமல், லண்டனில் பழைய உடுப்பு விற்கும் தர்மக் கடைகளில் தேடுங்கள். சப்பாத்து மட்டும் புதிதாக, இரண்டு மாதம் முன்பே வாங்கிப் போட்டுப் பழகுங்கள். மட்டக்களப்பில் ஏறிப் பழக மலை இல்லை. நான் கல்லடிக் கடற்கரையின் உலர்ந்த மணலில் தினமும் நடந்தேன். கால் கெட்டிப்பட்டது.

அங்கே உறவினர் இருந்தால்

நோர்வேயில் நம்மவர்கள் கனபேர். வடக்கே மீன் ஆலைகளில் வேலைக்குப் போய்க் குடியேறியவர்களும் உண்டு. துறைமுக வாசலுக்கு ஒரு சொந்தக்காரர் கார் கொண்டுவந்தால் அதைவிட மலிவான சுற்றுலா இல்லை. ஆனால் மட்டக்களப்பார் விருந்தாளியைப் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்பது ஊரறிந்த பேச்சு. பேர்கனில் ஒன்றுவிட்ட தம்பி வீட்டில் பிட்டும் நண்டுக்குழம்பும் பரிமாறிக்கொண்டே இருந்தார்கள், எழும்ப விடவில்லை. வருகிற செய்தியை அனுப்பும்போதே எத்தனை மணிக்குத் துறைமுகத்தில் திரும்ப இறக்கிவிட வேண்டும் என்பதையும் எழுதிவிடுங்கள். உண்மையான நேரத்துக்கு ஒரு மணித்தியாலம் முன்னதாக எழுதுங்கள்.

தவறிவிட்டால், கப்பலே வராவிட்டால்

நாளாந்தத் தாளின் அடியில் துறைமுக முகவரின் தொலைபேசி எண் இருக்கும். இறங்குமுன் அதைப் படம் பிடித்துக்கொள்ளுங்கள். கடவுச்சீட்டின் பிரதி, அட்டை, அன்றாட மருந்து மூன்றும் கைப்பையில் இருக்கட்டும். பிந்திவிட்டால் முதல் அழைப்பு முகவருக்கு. அடுத்த துறைமுகம் வரை உங்கள் செலவில் போய்ச் சேர வேண்டியிருக்கும். விசா இருக்கிறதா, அது எத்தனை நுழைவு என்பது அப்போது கேட்கப்படும்.

காற்று பலமானால் கப்பல் தலைவர் ஒரு துறைமுகத்தைத் தவிர்த்துவிட்டுப் போவார், அதற்கு எவரிடமும் முறையிட முடியாது. ஆகவே முன்கூட்டி வாங்கும் டிக்கெட் எதுவானாலும், கப்பல் கட்டாவிட்டால் காசு திரும்பக் கிடைக்குமா என்பதை வாங்குமுன் கேட்டு, பதிலை எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.